கடைக்கு முன்னால் சாலை வந்தால் எதற்குக் காசு, எதற்கு இல்லை

கேள்வி: "அண்ணா, டெக்சாஸில் டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறேன். நிலமும் என்னுடையதுதான். முன்னால் போகும் நாலு வழிச் சாலையை ஆறு வழியாக்கி நடுவில் சிமென்ட் மீடியன் கட்டப் போகிறார்களாம். என் பக்கம் பத்தடி நிலப் பட்டை எடுக்கிறார்கள். எதிர்த் திசையில் வருகிறவர்கள் இனி இடதுபக்கம் ஒடித்து உள்ளே வர முடியாது, வருமானம் பாதியாகிவிடும். அந்த நஷ்டத்தை அரசு கொடுத்தே ஆக வேண்டும், அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்று என் கணக்கர் சொல்கிறார். சரிதானே?"

ஜனவரி 11

சரியில்லை தம்பி. சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்பது சட்டம். வாடிக்கையாளர் உங்கள் சொத்து இல்லை. சாலையில் போகிற கார் உங்கள் கடைப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்றுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

உங்கள் மாநிலத்திலேயே 1993-ல் ஷ்மிட் வழக்கு. ஆஸ்டினில் 183-ஆம் நெடுஞ்சாலையை உயர்த்திக் கட்டியபோது ஓரத்து நிலக்காரர்களிடம் ஒரு குறுகிய பட்டையை எடுத்தார்கள். அவர்கள் நாலு விஷயத்துக்கு ஈடு கேட்டார்கள்: போக்குவரத்து வேறு பக்கம் போனது, சுற்றி வர வேண்டியிருப்பது, கடை கண்ணில் படாமல் போனது, கட்டுமானக் காலத்துத் தொல்லை. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் நாலுக்கும் இல்லை என்றது. அந்தச் சாலையோரத்தில் எல்லோருக்கும் வருகிற கஷ்டம், உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை என்பது காரணம். நீங்கள் எழுதியிருப்பதை அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்.

நிலத்தில் கை வைக்காவிட்டால் ஒரு சென்ட் கிடையாது. பட்டை எடுப்பதால் உங்களுக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கடை மூடும் நேரம்.

ஜனவரி 12

என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு காரமாகப் பேசுகிறேன் என்று புரியும்.

ஆயில் மாற்றும் கடை வைத்திருந்தேன், வாடகை இடம், ஒன்பது வருடம். முனைக் கடை, இரண்டு வாசல், உயரமான கம்பத்தில் பலகை. சாலையை அகலப்படுத்தினார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை, யாராக இருந்தாலும் கதை இதேதான். எட்டடி எடுத்தார்கள். அந்த எட்டடியில்தான் என் கம்பம் நின்றது. இரண்டு வாசலில் ஒன்று போனது. நடுவில் மீடியன் வந்தது. மாதம் அறுநூறு கார் பார்த்துக்கொண்டிருந்தவன், சாலை வேலைக்குத் தடுப்பாக வைக்கும் ஆரஞ்சு பீப்பாய்கள் வந்த மூன்றாவது மாதம் நானூறைத் தொடவே திணறினேன்.

நான் என்ன செய்தேன்? மூன்று வருடத்து விற்பனைக் கணக்கையெல்லாம் கலர் கலராக அச்சடித்து, கோப்பு போட்டு, மாமனார் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனேன். எதிரே உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "இது வியாபாரம், நான் நிலத்தை மதிப்பிட வந்தேன்" என்றார். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது யோசித்தால் அந்த மனிதர் எனக்கு இலவசமாக ஒரு பாடம் எடுத்திருக்கிறார், நான்தான் காது கொடுக்கவில்லை.

இந்த விதி பழசு. 1917-ல் ராணுவச் சோதனைத் தளத்துக்காக மேரிலாந்தில் ஒரு குடும்பத்தின் 440 ஏக்கரை எடுத்தார்கள். அந்த மண்ணில் மட்டும் வருகிற ஒரு தினுசுச் சோளத்தை விளைவித்து டப்பாவில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்கு 76,000 டாலர் கொடுத்தார்கள். வேறெங்கும் அந்தத் தொழிலைத் திரும்ப நடத்த முடியவில்லை, அதற்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று போனவர்களை 1925-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பியது. நிலத்தை எடுத்தோம், தொழிலை எடுக்கவில்லையே என்கிற வாதம். அந்தச் சோளக் குடும்பமே ஜெயிக்கவில்லை என்றால் என் ஆயில் கடை எம்மாத்திரம்.

ஜனவரி 12, இரவு

நேற்று "நிலத்தில் கை வைக்காவிட்டால் ஒரு சென்ட் கிடையாது" என்று எழுதினேன். தப்பு. ஃப்ளோரிடாவில் இருக்கும் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பித் திட்டினார், நியாயமான திட்டுதான்.

டெக்சாஸ் அரசியல் சட்டத்தில் "எடுத்தால்" என்று மட்டும் இல்லை, "சேதப்படுத்தினால், அழித்தால்" என்றும் இருக்கிறது. ஆகவே ஒரு அங்குலம்கூட எடுக்காமல் உங்கள் நிலத்துக்குள் வந்துபோகும் வழியைக் கணிசமாகக் கெடுத்தால் ஈடு உண்டு. "கணிசமாக" என்பதில்தான் சண்டை எல்லாம். அது கணிசமா இல்லையா என்பதை ஜூரி இல்லை, நீதிபதிதான் முதலில் முடிவு செய்வார் என்று 1996-ல் ஹீல் வழக்கில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாசலில் ஒன்று போய், மிச்சம் ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் "வழி இருக்கிறதே" என்று முடித்துவிடுவார்கள். என் கதை அப்படித்தான் முடிந்தது.

ஃப்ளோரிடாக்காரர் சொன்ன வழக்கு 1989, டெஸ்லர். (டெஸ்லா இல்லை. நானும் முதலில் கார் வழக்கு என்று நினைத்தேன்.) போக்கா ரேட்டனில் பிரதான சாலையில் ஒரு அழகு நிலையம். கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அந்தச் சாலையில் பாலம் கட்ட, கடைக்கு நேர் முன்னால் தடுப்புச் சுவர் எழுப்பத் திட்டம். நிலத்தில் ஒரு பிடி மண் எடுக்கவில்லை. ஆனால் சாலையிலிருந்து கடைக்கு வழியும் இல்லை, கடை கண்ணிலும் படாது, குடியிருப்புத் தெருக்களில் நெளிந்து சுமார் 600 கெஜம் சுற்றி வர வேண்டும். அவ்வளவு தூரம் போனால் அது வழியைப் பறித்ததுதான், ஈடு கொடு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே ஃப்ளோரிடாவில் 1981-ல் ஒரு பெட்ரோல் பங்குக்கு முன்னால் மீடியன் போட்டதற்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். மீடியன் போக்குவரத்து ஒழுங்கு, சுவர் வழிமறிப்பு. தம்பி, உங்களுக்கு வருவது மீடியன்.

ஜனவரி 19

சரி, பட்டை விஷயம். ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, வேலை இருந்தது.

நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தால் இரண்டு கணக்கு. எடுத்த துண்டின் விலை ஒன்று. அதை எடுத்ததால் மிச்ச நிலத்தின் விலை எவ்வளவு இறங்கியது என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் சில்லறை. இரண்டாவதில்தான் சாப்பாடு. அதற்குள் எதைக் கொண்டுவந்து சேர்க்க முடியும் என்பதுதான் முழு விளையாட்டும்.

என் இடத்தில் எட்டடி போனதால் வண்டி நிறுத்தும் இடம் பதினாலிலிருந்து ஒன்பதாகிவிட்டது. நகர விதிப்படி அந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு வேண்டும். ஆகக் கட்டடம் சட்ட விதிக்கு ஒத்துவராததாகிவிட்டது. இனி யாராவது வாங்க வந்தால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அதோடு, பெரிய பிக்கப் வண்டி உள்ளே வந்து திரும்பி வெளியே போக முன்பு இடம் இருந்தது, இப்போது பின்னால் எடுத்துத்தான் சாலைக்கு வர வேண்டும். இதெல்லாம் நிலத்துக்கு வந்த கேடு. ஒரு பொறியாளர் வண்டி திரும்பும் வளைவை வரைபடத்தில் போட்டுக் காட்டினார், நிறுத்துமிடத்தைச் சாய்வாக மாற்றிக் கட்ட என்ன செலவு என்று கணக்கெழுதினார். அந்த சரிசெய்யும் செலவைப் பெரிய சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

பார்த்தீர்களா? இருநூறு வாடிக்கையாளர் போனதற்கு ஒன்றுமில்லை, ஐந்து வண்டி நிறுத்தும் கோடு போனதற்குப் பணம். நஷ்டம் ஒன்றேதான். அதை எந்த மொழியில் சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம். "ஆள் வரமாட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். "இந்த நிலத்தில் இனி இது செய்ய முடியாது" என்று சொல்லுங்கள்.

டிரை கிளீனிங் என்றால் உங்களுக்குக் காரிலேயே துணி வாங்கும் ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் அந்த வரிசையில் எத்தனை கார் நிற்க முடியும் என்று இன்றே டேப் பிடித்து அளந்து வையுங்கள். பத்தடி போனால் வரிசையின் வால் நடைபாதையில் நிற்கும்.

ஜனவரி 20

"ஒத்துக்கொண்டார்கள் என்றால் பணம் உங்களுக்கு வந்ததா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை தம்பி, வரவில்லை. நில உரிமையாளருக்குப் போனது.

ஜனவரி 20, மறுபடி

அவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

என் வாடகை ஒப்பந்தத்தில் பதினேழாவது பிரிவு: அரசு இடத்தை எடுத்தால் வரும் ஈடு முழுவதும் உரிமையாளருக்கு, வாடகைதாரர் எந்தப் பங்கும் கேட்கமாட்டார். இருபத்தாறு பக்கத்தில் நாலு வரி. கையெழுத்துப் போட்ட அன்று நான் வாடகை எவ்வளவு, வருடம் எத்தனை சதவீதம் ஏறும், குளிர்சாதனம் கெட்டால் யார் செலவு என்று மூன்றைத்தான் பார்த்தேன். இந்தப் பிரிவு இல்லாவிட்டால், மொத்தச் சொத்துக்கு ஒரே தொகை நிர்ணயித்து, அதற்குள் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் பங்கு பிரிப்பார்கள். சந்தை வாடகையைவிட நான் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன், மிச்ச வருடங்களுக்கு அந்த வித்தியாசம் எனக்குச் சேர்ந்திருக்கும். எனக்குக் கடைசியில் கிடைத்தது பலகைக் கம்பத்தை நகர்த்திய செலவு மட்டும். அந்தக் கம்பமும் புதிய இடத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால்.

உரிமையாளரைக் குறை சொல்லமாட்டேன். நல்ல மனிதர், கட்டுமானம் நடந்தபோது நாலு மாதம் பாதி வாடகைதான் வாங்கினார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அவர் என்ன செய்வார்.

பிப்ரவரி 2

மரம் என்றதும் நினைவுக்கு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்துக்குப் போகும் செஞ்சுரி புலிவார்டில் நகர நிர்வாகம் அழகுக்காகப் பனை வகை மரங்களை நட்டது. அங்கே விளம்பரப் பலகை வைத்திருந்த நிறுவனம், மரம் பலகையை மறைக்கிறது என்று வழக்குப் போட்டது. 2006-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம்: பொதுச் சாலையிலிருந்து கண்ணில் படும் உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. முடிந்தது.

அடுத்த வருடம் கொலராடோவிலும் அதேதான். டென்வர் பக்கம் ரயில் பாதைக்காக ஒரு தேவாலய அமைப்பின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து, நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியாதபடி சுவர் எழுப்பினார்கள். இங்கே நிலமே எடுத்தும், பார்வை போனதற்கு ஈடு இல்லை என்றது உச்ச நீதிமன்றம்.

ஆக, பார்வைக்கு எங்கேயும் காசு கிடையாது.

பிப்ரவரி 3

இருக்கிறது. யூட்டா. எனக்கு இந்த "எங்கேயும்", "ஒருபோதும்" எல்லாம் ஆகாது போலிருக்கிறது.

யூட்டாவில் 2011-ல் அட்மிரல் பெவரேஜ் வழக்கில், ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மிச்ச நிலத்தின் சந்தை விலையை எது குறைத்தாலும், பார்வை மறைந்தது உட்பட, கணக்கில் சேர்க்கலாம் என்றார்கள். அதற்கு நாலு வருடம் முன்னால் அதே நீதிமன்றம் பார்வைக்குக் கிடையாது, வேடிக்கை பார்க்கும் காட்சிக்கு மட்டும் உண்டு என்று ஒரு பிரிவினை செய்திருந்தது. அதாவது உங்கள் ஜன்னலிலிருந்து மலை தெரிந்தால் காசு, மலையிலிருந்து உங்கள் கடை தெரிந்தால் காசில்லை. அதைத் தாங்களே ரத்து செய்தார்கள். வாங்க வருகிறவன் விலை பேசும்போது இந்தப் பிரிவினையெல்லாம் பார்ப்பானா?

இந்த நியாயம்தான் எனக்குச் சரியென்று படுகிறது. ஷ்மிட் தீர்ப்பைத் திட்டிக்கொண்டே படித்தாலும், எதிர் வாதத்திலும் ஒரு பொருள் இருக்கிறது. பார்வைக்கெல்லாம் கொடுத்தால், பட்டை எடுத்தவனுக்குக் கிடைக்கும், பட்டை எடுக்காத பக்கத்துக் கடைக்காரனுக்கு அதே மறைப்புக்கு ஒன்றும் கிடைக்காது. அது அவனுக்கு நியாயமா? இரண்டு பேருக்கும் கொடுப்பதுதான் நியாயம் என்று என் மனைவி சொல்கிறார். அவர் சாலை போடுகிறவர் இல்லை.

பிப்ரவரி 20

ஃப்ளோரிடாவுக்கு மாறிவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். விளையாட்டாகத்தான் கேட்டார்கள் என்று நம்புகிறேன்.

அங்கே சட்டத்திலேயே வியாபார நஷ்டத்துக்கு ஈடு உண்டு, வாடகைதாரருக்கும் உண்டு. ஆனால் நிபந்தனை: சாலைக்காக ஒரு பகுதியை எடுத்திருக்க வேண்டும், அந்த இடத்தில் கடை ஐந்து வருடமாவது நடந்திருக்க வேண்டும், எடுத்த துண்டைப் பயன்படுத்த முடியாததால் வந்த நஷ்டமாக இருக்க வேண்டும். மீடியனால் வந்த நஷ்டம் அங்கேயும் கணக்கில் வராது. முழு இடத்தையும் எடுத்துக்கொண்டால் வியாபார நஷ்டம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. பாதி கொன்றால் காசு, முழுதாகக் கொன்றால் இல்லை. ஐந்து வருடத்து வரிக் கணக்கு, விற்பனை வரிக் கணக்கு, லாப நஷ்டக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். வரிக்காகக் குறைத்துக் காட்டியவர்கள் அந்த இடத்தில் அழுவார்கள்.

அங்கே உண்மையான லாபம் வக்கீல் செலவு. முதலில் அவர்கள் சொன்ன தொகைக்கு மேல் வக்கீல் வாங்கித் தந்த கூடுதலில் முதல் 250,000 டாலர் வரை 33 சதவீதம், பத்து லட்சம் வரை 25, அதற்கு மேல் 20 என்று கணக்கிட்டு அரசுத் தரப்பே கட்டும், உங்கள் ஈட்டிலிருந்து பிடிக்காது. டெக்சாஸில் வக்கீலுக்குக் கொடுப்பது நீங்கள்தான்.

வர்ஜீனியாவில் 2012-ல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே போன லாபத்தையும் போன வழியையும் ஈட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் கடையின் நற்பெயருக்கு ஈடு உண்டு, வேறு இடம் போயும் காப்பாற்ற முடியாததாக இருந்தால். ஒரே நாடு, சோளத்துக்கு ஒரு சட்டம், சலூனுக்கு ஒரு சட்டம்.

மார்ச் 9

தம்பிக்குக் காகிதம் வந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். அவசரமாக மூன்று.

பத்தடிப் பட்டை தவிர இன்னொரு முப்பதடியைக் "கட்டுமான காலத்துக்கு மட்டும்" கேட்டிருக்கிறார்கள், வாசலைப் புதிய சாலை மட்டத்தோடு இணைக்க. அதற்கு வாடகை தர வேண்டும், அது தனிக் கணக்கு. எப்போது ஆரம்பம் எப்போது முடிவு என்று தேதி போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என் வாசலில் பன்னிரண்டு மாதம் என்றது இருபத்தொன்றானது. பீப்பாய்களுக்குப் பெயர் வைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

அவர்களுடைய மதிப்பீட்டு அறிக்கையை உங்களிடம் தந்தாக வேண்டும். அதில் கடைசிப் பக்கத் தொகையைப் பார்க்காதீர்கள். மிச்ச நிலத்துக்குச் சேதம் என்ற இடத்தில் சைபர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருப்பார்கள்.

ஒத்துவராவிட்டால் நீதிபதி மூன்று பேரை நியமிப்பார், அதே கவுன்ட்டியில் சொத்துள்ள சாதாரண ஆட்கள். அவர்கள் சொல்லும் தொகையை அரசுத் தரப்பு கட்டிவிட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால், நிலத்தை எடுப்பதே தப்பு என்று வாதிட முடியாது. தொகை போதாது என்று தொடர்ந்து வாதிடலாம். அவர்கள் தீர்மானித்ததை எதிர்த்து ஆட்சேபம் போட நாள் கணக்கு கறாரானது, வக்கீலைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

2011-ல் டெக்சாஸ் சட்டத்தில் சேர்த்த ஒரு வரியையும் வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்: நேரடி வழி கணிசமாகக் கெட்டு மிச்ச நிலத்தின் விலை குறைந்தால் அந்த மூன்று பேரும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவான சுற்றுவழியை எடுக்கக் கூடாது.

மார்ச் 10

வரி பற்றிக் கேட்டவருக்கு: ஈட்டுப் பணத்தில் லாபம் வந்தால் இரண்டு வருடத்துக்குள் வேறு சொத்து வாங்கி வரியைத் தள்ளிப்போடலாம்.

மார்ச் 10, பிற்பகல்

மூன்று வருடம். தொழிலுக்காக வைத்திருக்கும் நிலம் கட்டடத்தை அரசு எடுத்தால் மூன்று, லாபம் வந்த வரி ஆண்டின் முடிவிலிருந்து. இரண்டு என்பது பொது விதி. திருத்திய கணக்கருக்கு நன்றி. அவர்தான் முதல் கேள்வியில் வந்த கணக்கரா என்று கேட்டேன், பதில் இல்லை.

ஏப்ரல் 4

இவ்வளவு எழுதியும் முதலில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. வழக்கு, மதிப்பீடு, ஜூரி எல்லாம் பிறகு வருவது. மீடியனில் திறப்பு எங்கே வரும் என்பது அதற்கு ரொம்ப முன்னால், ஒரு பள்ளிக்கூட உணவறையில், மேசை நீளத்துக்கு விரித்த வரைபடத்தின் மேல் முடிவாகிறது. பொதுக் கூட்டம் என்று அறிவிப்பார்கள். என் காலத்தில் அறிவிப்பு உரிமையாளர் முகவரிக்குப் போனது, அவர் அதைத் தள்ளுபடிக் கூப்பன்களோடு குப்பையில் போட்டார். நான் போகவில்லை. என் வாசலிலிருந்து இருநூறு அடி தள்ளித் திறப்பு வைத்தார்கள், யாரும் கேட்கவில்லை என்பதால் அங்கே வைத்தார்கள். அந்தத் திறப்பு என் வாசலுக்கு வந்திருந்தால் எந்த ஈடும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

தம்பியின் சாலைக்கு இன்னொரு கூட்டம் பாக்கி இருக்கிறது. போங்கள். வருமானம் பாதியாகும் என்று அங்கேயும் சொல்லாதீர்கள், பொறியாளருக்கு அது காதில் விழாது. துணி வாங்க வரும் வேன் அடுத்த திறப்பில் யு-டர்ன் அடிக்க இடம் போதுமா, பின்னால் எத்தனை கார் காத்திருக்கும், தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்று கேளுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வாசலில் உட்கார்ந்து இடதுபக்கம் ஒடித்து வரும் வண்டிகளை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகிற வழியில் துணி போடுகிற கூட்டம் அப்போதுதான் வரும். எழுத்திலும் கொடுங்கள், பதிவாகட்டும்.

மே 27

தம்பி எழுதியிருக்கிறார். மூன்று நாள் எண்ணி, நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாராம். வரைபடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்களாம். நேற்று வந்த புதிய படத்தில் திறப்பு அவர் வாசலுக்கு நேராக நகர்ந்திருக்கிறது. பட்டைக்கான தொகையில் இன்னும் இழுபறி. துணி வாங்கும் ஜன்னல் வரிசையில் இரண்டு கார் இடம் குறைவதற்குச் சேதம் போடவே இல்லையாம், அதற்கு மட்டும் ஒரு மதிப்பீட்டாளரை வைத்திருக்கிறார்.

முந்தைய படத்தில் அந்தத் திறப்பு எதிர்ப் பக்கத்துப் பல் மருத்துவர் வாசலுக்கு நேராக இருந்ததாம். இப்போது அவர் வெளியே உட்கார்ந்து கார் எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.